பரப்பும் குழியும் ஹெக்டேயராகும்போது காணி குறைகிறதா?

கேள்வி – யாழ்ப்பாணம், கோண்டாவிலிலிருந்து ஒருவர்:
எங்கள் பேரனார் காலத்து உறுதியில் (காணிப் பத்திரத்தில்) காணியின் விஸ்தீரணம் ‘இரண்டு பரப்பு ஒன்பது குழி’ என்றிருக்கிறது. சென்ற மாதம் அளப்பித்தபோது கிடைத்த வரைபடத்தில் 0.0607 ஹெக்டேயர் என்று காண்கிறது. நாடு 1970களில் மெற்றிக் முறைக்கு மாறியபோதே இப்படி நிலம் குறைக்கப்பட்டுவிட்டதென்று அம்மா நம்புகிறார். தங்கைக்குச் சீதனமாக இக்காணியை எழுதவிருப்பதால், எந்த அளவை உறுதியில் இடுவது என்று தெரிந்தவர்கள் விளக்க வேண்டும்.

பதில் – ஓய்வுபெற்ற நில அளவையாளர்:
தம்பி, அலகு மாறியதால் எவருடைய காணியும் குறையாது. 16 பரப்பு ஒரு ஏக்கர். ஏக்கருக்கு 160 பேர்ச் என்பதால் பரப்புக்குப் பத்துப் பேர்ச் வரும். பரப்புக்கு 18 குழி. ஆகவே உங்கள் உறுதியிலுள்ளது இரண்டரைப் பரப்பு, அதாவது 25 பேர்ச். பேர்ச் என்பது பக்கத்துக்குப் பதினாறரை அடி கொண்ட சதுரம். ஒரு யார் 0.9144 மீற்றர் என்று 1959இல் பிரித்தானியாவும் அமெரிக்காவும் வேறு சில நாடுகளும் ஒத்துக்கொண்ட வரையறையின்படி அது 25.29 சதுர மீற்றராகும். இருபத்தைந்து பேர்ச்சுக்கு 632 சதுர மீற்றர், அதாவது 0.0632 ஹெக்டேயர் வர வேண்டும். வரைபடத்திலுள்ள 0.0607 சரியாக 24 பேர்ச். குறைந்திருப்பது ஒரு பேர்ச். அது கணக்கில் அல்ல, நிலத்தில் குறைந்திருக்கிறது.

பழைய உறுதிகளில் பல, சங்கிலி பிடித்து அளக்காமல் மதிப்பிட்டு எழுதப்பட்டவை. கிடுகு வேலி இருந்த இடத்தில் மதில் எழும்பும்போதும், ஒழுங்கையை அகலிக்கும்போதும் எல்லை நகர்ந்துவிடுகிறது. பரப்பு வரகுக் கணக்கா (வரகு விதைக்கும் நிலத்துக்கானது) நெற்கணக்கா (வயலுக்கானது) என்பதையும் உறுதியில் பாருங்கள். இரண்டும் வேறு அளவு, நான் மேலே சொன்னது வரகுக் கணக்கு. இன்னொன்று: ஹெக்டேயரில் நான்காம் தசமத்தானம் ஒரு சதுர மீற்றரைக் குறிப்பது. 0.0632ஐ 0.06 என்று சுருக்கி எழுதினால் 32 சதுர மீற்றர், ஒரு பேர்ச்சுக்கும் மேலாக, எழுத்திலேயே போய்விடும். தயவுசெய்து அதற்கு இடங்கொடுக்காதீர்கள்.

பதில் – சுன்னாகத்து வெங்காயச் செய்கையாளர்:
ஐயா சொன்னதுடன் முழுதும் உடன்படுகிறேன். ஆனால் அம்மாவின் ஐயத்துக்கும் காரணமுண்டு. பெயர் அப்படியே நிற்க அளவு மட்டும் மாறியதை நாம் சந்தையில் கண்டிருக்கிறோம். அந்தர் என்பது 112 இறாத்தல், 50.8 கிலோ. இன்று 50 கிலோ மூடையையே அந்தர் என்கிறோம். இருபது அந்தர் வெங்காயம் விற்றால் பழைய கணக்குக்கும் புதியதற்கும் 16 கிலோ வேறுபடும். ‘ஒரு இறாத்தல் பாண்’ என்று கேட்டு நாம் வாங்குவதும் 450 கிராம்தான். 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்க அளவீட்டு அலகுகள் சட்டம் வந்த பின்னரும் வாய்ச்சொல் மாறவில்லை, மாறவும் வேண்டியதில்லை. உறுதியில் மட்டும் ஹெக்டேயரை முதலில் எழுதி, பரப்பையும் குழியையும் பக்கத்தில் இடச் சொல்லுங்கள். தங்கையின் பிள்ளைகளுக்கும் விளங்கும்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. இக்கணக்கை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கிழக்குப் பக்கத்தில் ஒழுங்கைக்காகப் பேரனார் தாமே வேலியை உள்ளே தள்ளிப் போட்டதை அப்போதுதான் நினைவுகூர்ந்தார். 0.0607 என்றே எழுதவிருக்கிறோம்.