அம்மாவுக்குச் சைவச் சாப்பாடு: கியோத்தோ போனவர்கள் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. நான் மூன்று வருடமாகத் தோக்கியோவில் நிஷி கசாயில் இருக்கிறேன். ஏப்ரலில் ஊரிலிருந்து அப்பா அம்மா வருகிறார்கள். அம்மா சுத்த சைவம், முட்டைகூடத் தொடமாட்டார்.

இங்கே வெறும் காய்கறி உடோன் (தடித்த கோதுமை நூடுல்ஸ்) என்றாலும் அதன் சாறு தாஷிதான். பெரும்பாலும் காய்ந்த சூரை மீன் சீவலில் எடுப்பது. போன மாதம் ஒரு கடையில் கேட்டபோது "மீன் இல்லை" என்றுதான் சொன்னார்கள். கிண்ணம் வந்தபோது மேலே அந்தச் சீவல் ஆவியில் நெளிந்துகொண்டிருந்தது. அம்மா முன்னால் இப்படி நடந்தால் அவர் அப்புறம் எங்கேயும் சாப்பிடமாட்டார்.

கோயாசான் என்ற மலைமேல் உள்ள புத்தத் தலத்தில் ஒரு இரவு கோயில் விடுதி. அங்கே ஷோஜின் என்ற புத்த மடத்துச் சைவச் சமையல், கொம்பு கடற்பாசியிலும் காளானிலும் சாறு எடுப்பார்கள், கவலையில்லை. கியோத்தோவில் இரண்டு நாள்தான் பிரச்சினை. மீன் தாஷி இல்லாத கடை, நீங்களே சாப்பிட்டுப் பார்த்தது, இருந்தால் சொல்லுங்கள். கடையில் காட்ட ஜப்பானிய மொழியில் எழுதிய சீட்டு வைத்திருப்பவர்கள் அதையும் பகிருங்கள்.

ரயில் பாஸ் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். 2023 அக்டோபரிலேயே ஏழு நாளுக்கு 50,000 யென் ஆகிவிட்டது, எங்கள் பயணத்துக்குக் கட்டாது.

இன்னொன்று: அப்பாவுக்கு முழங்கால் வலி. கோயில் விடுதியில் தரையில் உட்காராமல் சாப்பிட நாற்காலி கேட்டால் தருவார்களா?