லிஸியைக் கரோல் சுட்டது சரியோ?

கேள்வி (கிளிநொச்சி): செத்தவை எழும்பி நடந்து ஆக்களைக் கடிக்கிற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் ‘தி வாக்கிங் டெட்’, 4ஆம் பருவம், 14ஆம் பாகம். செத்தாலும் எழும்பி வருவாள் எண்டு நம்பித் தங்கச்சி மிக்காவைக் கத்தியால் கொன்ற சிறுமி லிஸியை, ரெண்டு பேரையும் வளர்த்த கரோல் பூக்களைப் பார்க்கச் சொல்லிச் சுடுறா. வேற வழியே இருக்கேல்லையோ?

பதில் (மாங்குளம்): அண்ணை, அந்த இடத்தில இல்லை. லிஸி அடுத்ததாக் கொல்ல இருந்தது கைக்குழந்தை ஜூடித்தைத்தான். காவலுக்குப் பெரியாக்கள் ரெண்டே பேர். பிழை முந்தி அவை ஒளிச்சிருந்த சிறைச்சாலையிலயே துவங்கிட்டுது. வேலிக்கு வெளிய நிண்ட நடைபிணத்துக்கு ‘நிக்’ எண்டு பேர் வச்சு அழுத பிள்ளை அவள். அதைக் கரோல் பலவீனமெண்டு எடுத்தா. கத்தி பிடிக்கப் பழக்கினவ, செத்து எழும்புறது பழைய ஆளில்லை எண்டதை அவளின்ர மனசில பதிய வைக்கேல்ல.

பதில் (முல்லைத்தீவு): ஜூடித் அழேக்க லிஸி வாயையும் மூக்கையும் பொத்தினதை மறக்காதேங்கோ. சத்தம் நிக்கும், மூச்சும் நிண்டிடும். நிசத்தில குழந்தை அழாமல் இருக்கப் பசிக்க முன்னமே பால் குடுத்து, நெஞ்சோட அணைச்சு, மூக்குத் தெரியிற மாதிரித் தூக்கோணும். மாப்பால் எண்டால் கொதிச்ச தண்ணியை 70 பாகை செல்சியஸுக்குக் கீழ ஆற விடாமல் கரைச்சு, பிறகு ஆத்திக் குடுக்கோணும். 2 மணித்தியாலத்தில குடிக்காததை ஊத்திடுங்கோ.