புதுப்பிப்பு: 1/6 பாராட்ரூப்பர் சீருடையைப் பழசாக்க எது உதவியது

1944 ஜூனில் பிரான்சின் நார்மண்டியில் குதித்த அமெரிக்க பாராட்ரூப்பர் (பாராசூட்டில் இறங்கும் சிப்பாய்) பொம்மை, 1/6 அளவு, அதாவது நிஜ ஆளில் ஆறில் ஒரு பங்கு. சீருடை அப்போதுதான் தைத்த மாதிரி இருக்கிறது, என்ன செய்யலாம் என்று போன மாதம் கேட்டிருந்தேன். வழி சொன்ன எல்லாருக்கும் நன்றி. வேலை முடிந்துவிட்டது.

முதலில் டீத்தூள் சாயத்தை ஒரு துண்டுத் துணியில் சோதித்தேன். முழுக்க ஒரே பழுப்பாகிவிட்டது, அழுக்கு மாதிரியே இல்லை. விட்டுவிட்டேன்.

கைகொடுத்தது பாஸ்டல் சாக் (படம் வரையும் வண்ணச் சாக்குக் குச்சி) யோசனைதான். உப்புத்தாளால் தையல் ஓரங்களை லேசாகத் தேய்த்துக்கொண்டேன். அப்புறம் பழுப்பு, சாம்பல் குச்சிகளை பிளேடால் சுரண்டி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் குழைத்து, முழங்கால், முழங்கை ஒட்டுத்துணிகளில் தடவினேன். ஆல்கஹால் காய்ந்ததும் பொடி நூலிடுக்குகளில் தங்கி, உலர்ந்த சேறாகவே தெரிந்தது. அந்த முழங்காலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

எதிர்பாராதது: பொடி உதிராமல் இருக்க மேட் வார்னிஷ் (பளபளக்காத மேல்பூச்சு) தெளித்ததும் பாதிப் பொடி கண்ணுக்கே தெரியவில்லை, இன்னொரு தடவை பூச வேண்டியிருந்தது. பூட்ஸ் மிருதுவான பிவிசி பிளாஸ்டிக். அதில் அடித்த எனாமல் பெயின்ட் பத்து நாளாகியும் பிசுபிசுத்தது. துடைத்தெடுத்து அக்ரிலிக் பெயின்ட் அடித்தேன், சரியாகிவிட்டது. முகத்தின் பக்கம் மட்டும் ஆல்கஹாலைக் கொண்டுபோகாதீர்கள், பெயின்ட் கரைந்துவிடும்.