பூக்கடை செயலியில் ஒரே ஒரு ஆர்டர்தான் தெரிகிறது, மற்ற ஆறும் எங்கே?

பூக்கடை மகள், ஜார்ஜ்டவுன்:

வணக்கம். என் அம்மா பினாங்கு லிட்டில் இந்தியாவில், குயின் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோயில் பக்கம் மாலை கட்டி விற்கிறார். ஆர்டரெல்லாம் இத்தனை நாளும் காலண்டர் தாளின் பின்பக்கத்தில்தான் எழுதி வைப்பார். பூவுக்குத் தெளிக்கும் தண்ணீர் பட்டால் மை கரைந்துவிடும். போன மாதம் ஒரு கல்யாண மாலை ஆர்டர் அப்படித்தான் அழிந்துபோய், பெண் வீட்டார் வந்து நின்ற பிறகு அம்மா கை நடுங்க நடுங்க அரை மணி நேரத்தில் கட்டிக் கொடுத்தார். அதைப் பார்த்துவிட்டுத்தான் ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவை இறக்கி, கோட்லின் நிரல்மொழியில் ஒரு சின்னச் செயலி எழுத ஆரம்பித்தேன். ஆர்டரைத் தட்டினால் பட்டியலில் ஏறவேண்டும், கொடுத்து முடித்ததும் டிக் போடவேண்டும், அவ்வளவுதான்.

சோதனைக்கு ஏழு ஆர்டர் போட்டேன். "மல்லிகை 5 முழம், மாலை 4 மணி" என்று முதலாவது மட்டும் மேலே தெரிகிறது, அதற்குக் கீழே முழுக்க வெள்ளை. பிழைச்செய்தி இல்லை, செயலி நின்றும் போகவில்லை. பட்டியலை உருட்டிக் காட்டும் ரீசைக்ளர்வியூதான் பயன்படுத்துகிறேன். ஜாவாவில் எழுதிய பழைய பாடம் ஒன்றைப் பார்த்து நிரலைக் கோட்லினுக்கு மாற்றினேன், திரை அமைப்பை எழுதும் எக்ஸ்எம்எல் கோப்புகளை அப்படியே எடுத்துக்கொண்டேன். மூன்று இரவு போய்விட்டது. தைப்பூசக் கூட்டம் வருவதற்குள் அம்மா கையில் கொடுக்க வேண்டும், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

செந்தூல்வாசி, கோலாலம்பூர்:

வரிகளைத் திரையில் அடுக்கும் லேஅவுட் மேனேஜர் வைத்தீர்களா? அது இல்லையென்றால் பட்டியல் வராது, செயலியின் பதிவுகளைக் காட்டும் லாக்கேட்டில் ஓர் எச்சரிக்கை வரி மட்டும் வரும். இல்லாவிட்டால் பழைய லிஸ்ட்வியூவுக்கே மாறிவிடுங்கள், சின்னப் பட்டியலுக்கு அது போதும்.

பட்டர்வொர்த் அண்ணன்:

லேஅவுட் மேனேஜர் இல்லையென்றால் அந்த முதல் ஆர்டரே வந்திருக்காது. ஒன்று வந்திருக்கிறது என்றால், ஆர்டர்களை வரிகளாக்கிக் கொடுக்கும் அடாப்டர் வேலை செய்கிறது என்று அர்த்தம், அதனால் எதையும் மாற்றுவதற்கு முன்னால் ஒன்று பார்த்துச் சொல் தங்கச்சி. வரிகளின் எண்ணிக்கையைச் சொல்லும் கெட்ஐட்டம்கவுன்ட் எத்தனை என்று திருப்புகிறது? லாக்கில் எழுதிப் பார். 1 வந்தால் ஆர்டர்கள் அடாப்டருக்கே போய்ச் சேரவில்லை. 7 வந்தால் அந்த வெள்ளையில் விரலை வைத்து மேலே தள்ளு.

பூக்கடை மகள்:

7 வருகிறது அண்ணே. தள்ளினால் இரண்டாவது ஆர்டர் வருகிறது, இன்னும் தள்ளினால் மூன்றாவது! ஒரு திரைக்கு ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன.

பட்டர்வொர்த் அண்ணன்:

சரி, பிடிபட்டது. ஒரு வரிக்கான எக்ஸ்எம்எல் கோப்பைத் திற. வெளியே இருக்கும் லேஅவுட்டின் உயரம் மேட்ச் பேரன்ட் (இருக்கும் இடம் முழுவதும்) என்று இருக்கும், அதை ராப் கன்டென்ட் (உள்ளே இருப்பதன் அளவுக்கு மட்டும்) ஆக்கு. ரீசைக்ளர்வியூவின் உயரத்தைத் தொடாதே, வரியின் உயரம் மட்டும்.

பாடத்தை எழுதியவர் மேலும் தப்பில்லை. 2014இல் ரீசைக்ளர்வியூ வந்த புதிதில் வரிக்கு மேட்ச் பேரன்ட் என்று எழுதினாலும் உருளும் திசையில் அதைக் கண்டுகொள்ளாது. 2016 பிப்ரவரியில் வந்த, ரீசைக்ளர்வியூ அடங்கிய சப்போர்ட் லைப்ரரி 23.2இலிருந்துதான் எழுதியதை எழுதியபடியே எடுத்துக்கொள்ள ஆரம்பித்தது. அதற்கு முந்திய பாடத்தை இன்றைக்கு அப்படியே போட்டால் ஒரு வரி முழுத் திரையையும் பிடித்துக்கொள்ளும்.

பூக்கடை மகள்:

ஏழும் தெரிகின்றன அண்ணே, ரொம்ப நன்றி! ஆனால் அப்புறம் முப்பது ஆர்டர் போட்டு உருட்டிப் பார்த்தேன், இப்போது வேறு பயம் வந்துவிட்டது. இரண்டாவது ஆர்டருக்கு டிக் போட்டேன். கீழே போனால் பதினாலாவதுக்கும் டிக் இருக்கிறது, அதை நான் தொடவே இல்லை. அம்மா இதைப் பார்த்தால் கொடுத்தாயிற்று என்று நினைத்து அந்த மாலையைக் கட்டாமலே விட்டுவிடுவார்.

பாயான் பாரு டீச்சர்:

நான் இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கிறேன்மா, எல்லாரும் இங்கே வந்து நிற்பார்கள். முப்பது ஆர்டருக்கு முப்பது வரியை ரீசைக்ளர்வியூ செய்வதில்லை. திரை கொள்ளும் அளவுக்கும் அதற்குச் சற்று மேலேயும்தான் செய்யும். மேலே மறைந்த வரியே கீழே வேறு ஆர்டரைத் தூக்கிக்கொண்டு வரும். மல்லிகை தீர்ந்த கூடையில் சாமந்தியைக் கொட்டிவிட்டு, செருகியிருந்த மல்லிகை விலைச்சீட்டை எடுக்காமல் விட்டால் எப்படி இருக்கும், அதுதான் உன் டிக். லிஸ்ட்வியூவும் வரிகளை இப்படித்தான் மறுபடி பயன்படுத்தும், அதனால் மாறினாலும் இது போகாது.

டிக் ஆர்டரோடு இருக்கவேண்டும், வரியோடு இருக்கக்கூடாது. ஆர்டர் கிளாஸில் 'கொடுத்தாச்சு' என்று, உண்மை அல்லது பொய் மட்டும் வைக்கும் ஒரு பூலியன் சேர். வரியில் ஆர்டரை நிரப்பும் ஆன்பைண்ட்வியூஹோல்டரில் ஒவ்வொரு முறையும் அதன் மதிப்பைச் செக்பாக்ஸில் வை, உண்மையானாலும் பொய்யானாலும். கொடுத்தாச்சு என்றால் டிக் போடு என்று மட்டும் எழுதினால் பழைய டிக்கை எடுக்க ஆளில்லை. இதைவிட முக்கியம், மதிப்பை வைப்பதற்கு முன்னால் செக்பாக்ஸின் பழைய லிசனரை (டிக் மாறும்போது ஓடும் நிரலை) நல் ஆக்கி அகற்று, மதிப்பை வை, பிறகு புது லிசனரைக் கட்டு. இந்த வரிசை மாறினால், நீ மதிப்பை வைக்கும்போதே பழைய லிசனர் ஓடி, மேலே போய்விட்ட ஆர்டரின் 'கொடுத்தாச்சு'வை மாற்றி எழுதிவிடும். திரையில் தப்பாகத் தெரிவதைவிட அது மோசம், பதிவே கெட்டுப்போகும்.

செந்தூல்வாசி:

லிஸ்ட்வியூ பற்றிச் சொன்னதை விட்டுவிடுங்கள், டீச்சர் சொல்வதுதான் சரி. இன்னொன்று: ஆர்டர்கள் இப்போது நினைவகத்தில் மட்டும் இருந்தால், கைப்பேசியை அணைத்ததும் காலண்டர் தாளின் மை மாதிரி போய்விடும். ரூம் என்னும் தரவுத்தள நூலகத்தைக் கொண்டு கைப்பேசியிலேயே சேமியுங்கள்.

பூக்கடை மகள்:

டீச்சர் சொன்ன வரிசையில் எழுதினேன். முப்பது ஆர்டரை மேலும் கீழும் பலமுறை உருட்டிவிட்டேன், டிக் போட்ட இடத்திலேயே நிற்கிறது. இன்று மதியம் அம்மா கையில் கொடுத்துப் பார்த்தேன். அவர் விரல் எப்போதும் ஈரம், அந்தச் சின்னக் கட்டத்தில் மூன்று முறை அழுத்தியும் விழவில்லை. கட்டத்தின் அகலம், உயரம் இரண்டையும் 48 டிபி (திரை அளவின் அலகு) ஆக்கினேன், முந்தானையில் விரலைத் துடைத்துவிட்டு அழுத்தினார், முதல் தடவையிலேயே விழுந்தது. ரூம் பாடத்தை இன்று இரவு ஆரம்பிக்கிறேன், அது முடியும்வரை காலண்டர் தாளும் கூடவே இருக்கும்.