டெலிகேட்டை நான் எப்போது தேர்ந்தெடுத்தேன்?

புதுவாக்காளர்:
2024 மார்ச் 5, வர்ஜீனியா டெமாக்ரடிக் பிரைமரி (கட்சியின் அதிபர் வேட்பாளர் யார் என்பதற்கான முதல்கட்டத் தேர்தல்), என் முதல் ஓட்டு. சீட்டில் பைடன் பெயர் இருந்தது, போட்டேன். ஜூலை 21-ல் அவர் போட்டியிலிருந்து விலகியதும், இனி எல்லாம் டெலிகேட்கள், அதாவது கட்சியின் தேசிய மாநாட்டில் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிகள், கையில் என்றார்கள். சீட்டில் டெலிகேட் பெயர் ஒன்றுகூட இல்லையே? ஊரிலிருந்து அப்பா போனில் கேட்டபோது பதில் தெரியாமல் முழித்தேன். யார் இவர்கள், யார் அனுப்பினார்கள்?

கொங்குக்காரன்:
உங்கள் ஓட்டு எந்த வேட்பாளருக்கு எத்தனை டெலிகேட் இடம் என்பதை மட்டும்தான் முடிவு செய்யும், அந்த இடத்தில் உட்காரும் ஆளை வேறு கூட்டத்தில் எடுக்கிறார்கள். டெமாக்ரடிக் கட்சியில் 15 சதவீதம் தொடாதவருக்கு ஒன்றும் கிடையாது. ஒரு தொகுதிக்கு 10 இடம், மூன்று பேர் 60, 30, 10 சதவீதம் வாங்கினால், கடைசி ஆளைக் கழித்துவிட்டு 7, 3 என்று பிரிப்பார்கள். அப்புறம் அந்த 7 பேர் யார் என்று பெரும்பாலும் தொகுதி மாநாட்டில் தேர்தல் நடக்கும். நிற்க வருகிறவர்கள் பட்டியலை வேட்பாளர் தரப்பு முதலிலேயே பார்த்து, வேண்டாதவர் பெயரை அடித்துவிடலாம். ஆக பைடன் டெலிகேட் என்றால் அவர் தரப்பு சரி என்று விட்ட ஆள். தேர்ந்தெடுத்தவர்களின் எண்ணத்தை மனசாட்சிப்படி பிரதிபலிக்க வேண்டும் என்பதுதான் கட்சி விதி. பைடன் தன் துணை அதிபர் கமலா ஹாரிஸைக் கைகாட்டியதும் ஓரிரு நாளிலேயே பாதிக்கு மேல் அந்தப் பக்கம் வந்ததற்குக் காரணம் இதுதான்.

டெமாயின் அக்கா:
தம்பி, 2020 அயோவா காக்கஸில் (சீட்டுக்குப் பதில் ஆட்கள் நேரில் கூடித் தேர்ந்தெடுக்கும் கூட்டம்) நான் இருந்தேன். பள்ளிக்கூட ஜிம்மில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு மூலை. எங்கள் மூலையில் 15 சதவீதத்துக்கு நாலு தலை குறைந்தது, உடனே பக்கத்துக் கூட்டத்திலிருந்து ஒரு பாட்டி வந்து கையைப் பிடித்து அழைத்தார், போனேன். கடைசியில் கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) மாநாட்டுக்கு யார் போகிறீர்கள் என்று கேட்டபோது பாதிப் பேர் குளிர்கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பியிருந்தார்கள். கை தூக்கியவர்தான் டெலிகேட். கவுண்டியில் தொடங்கித் தொகுதி, மாநிலம் என்று ஏறித்தான் தேசிய மாநாட்டுக்கு ஆள் போகிறது. நானும் கை தூக்காமல் வந்துவிட்டேன், இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

சிகாகோவாசி:
ரிபப்ளிகன் பக்கம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. 2016-ல் கொலராடோவில் பிரைமரியே இல்லை, மாநாடுகளுக்கு ஆள் திரட்டிய டெட் குரூஸ், டிரம்ப்பின் போட்டியாளர், டெலிகேட்களை அள்ளிக்கொண்டு போனார். அதே வருடம் எங்கள் இல்லினாயில் சீட்டிலேயே டெலிகேட் பெயர்கள் இருந்தன. ஒரு தொகுதியில் டிரம்ப் டெலிகேட்கள் மூவரில் இருவர் ஜெயித்தார்கள், முஸ்லிம் பெயருள்ள மூன்றாமவருக்கு மட்டும் பல ஆயிரம் ஓட்டு குறைந்து இடம் போனது. கட்சி எதுவானாலும் இது எனக்கு வலிக்கிறது, நம் பெயர்களும் அந்த மாதிரிதானே.

புதுவாக்காளர்:
நன்றி. அடுத்த முறை நானே நிற்க முடியுமா?

கொங்குக்காரன்:
தாராளமாக. மாநிலக் கட்சி வெளியிடும் டெலிகேட் தேர்வுத் திட்டத்தில் கடைசித் தேதி இருக்கும், அதற்குள் மனு கொடுங்கள். உங்களுக்கு ஓட்டுப் போட ஒரு வேன் நிறைய ஆட்களையும் அழைத்துப் போங்கள். மாநாட்டுக்கு விமான டிக்கெட், ஓட்டல் எல்லாம் பெரும்பாலும் கைக்காசுதான், இப்போதே சேர்த்து வையுங்கள்.