எம்பி3 பிளேயர்: வாங்கும்முன் பார்க்க வேண்டியவை, சார்ஜ் ஏறாவிட்டால் பார்க்க வேண்டியவை

#1
ஐபாட் உற்பத்தியை 2022 மே மாதத்தோடு ஆப்பிள் நிறுத்திவிட்டது. இன்று பாட்டுக்கென்று தனிக் கருவி தேடினால் மூன்று ரகம்தான்: பொத்தான் வைத்த மலிவு பிளேயர், ஆண்ட்ராய்டில் ஓடும் விலை கூடிய பிளேயர், யாரோ வைத்திருந்த பழைய ஐபாட். பாட்டு மட்டும் போதும் என்றால் பொத்தான் ரகம் வாங்குங்கள். ஆண்ட்ராய்டு ரகம் சும்மா கிடந்தாலும் பேட்டரியைத் தின்னும்.

வாங்கும்போது முதலில் கேட்க வேண்டியது கார்டு பற்றி. 32 ஜிபி வரையுள்ள கார்டுகள் ஃபேட்32 வடிவில் (கார்டில் கோப்புகளை அடுக்கும் ஒரு முறை) வரும். 64 ஜிபியிலிருந்து எக்ஸ்ஃபேட். மலிவு பிளேயர்கள் பலவற்றுக்கு எக்ஸ்ஃபேட் தெரியாது, ‘கார்டு இல்லை’ என்று காட்டும். உடனே கார்டை மாற்றக் கடைக்கு ஓட வேண்டாம். ஃபேட்32-ஆக ஃபார்மேட் செய்தால் பெரும்பாலும் எடுத்துக்கொள்ளும். விண்டோஸ் 10-இல் வழக்கமான ஃபார்மேட் ஜன்னல் 32 ஜிபிக்கு மேல் ஃபேட்32 தராது. அதற்குத் தனி மென்பொருள் வேண்டும்.

64-க்குப் போவதற்கு முன் ஒரு கணக்கு: 320 கேபிபிஎஸ் எம்பி3 நிமிடத்துக்கு 2.4 எம்பி. ஐந்து நிமிடப் பாட்டுக்கு 12 எம்பி. 32 ஜிபியிலேயே 2,500 பாட்டு அடங்கும்.

#2
சார்ஜ் விஷயத்தில் அதிகம் வரும் புகார்: “புது பிளேயர், டைப்-சி, போன் சார்ஜரில் போட்டால் விளக்கே எரியவில்லை.” பிளேயர் பழுதில்லை. கேபிளின் இரண்டு முனையும் சி-யாக இருந்தால் சார்ஜர் தானாக மின்சாரம் விடாது. எதிரே ஒரு கருவி இருக்கிறதா என்று சிசி எனப்படும் இரண்டு பின்களில் பார்க்கும். கருவிக்குள் அந்த இரண்டு பின்னிலும் 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் இருந்தால்தான் 5 வோல்ட் வரும். சில பைசா மிச்சம் பிடிக்க அந்த இரண்டையும் போடாமலே விட்டுவிடுகிறார்கள். ஒரு முனை பழைய அகல யுஎஸ்பி, மறுமுனை சி என்று இருக்கும் கேபிளைப் போட்டால் சார்ஜ் ஏறும். அந்த அகல வாய் யாரையும் கேட்காமல் 5 வோல்ட் கொடுக்கும்.

33 வாட் சார்ஜரில் போட்டால் கெட்டுவிடுமா என்ற பயமும் வேண்டாம். நல்ல சார்ஜர், கருவி கேட்காமல் 5 வோல்ட்டுக்கு மேல் தராது. எவ்வளவு ஆம்பியர் இழுப்பது என்பதைப் பிளேயருக்குள் இருக்கும் சார்ஜிங் சிப்தான் முடிவு செய்யும். 300 எம்ஏஎச் பேட்டரியை 150 மில்லி ஆம்பியரில் ஏற்றினால் இரண்டரை மணி நேரம் போல ஆகும். சார்ஜர் எவ்வளவு பெரிதானாலும் அந்த நேரம் குறையாது.

#3
சார், மேலே சொன்னதோடு பவர் பேங்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். லித்தியம் செல் 4.2 வோல்ட்டைத் தொட்டதும் மின்னோட்டம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். 50 மில்லி ஆம்பியர் பக்கம் வந்ததும் பல பவர் பேங்குகள் ‘எதுவும் மாட்டவில்லை’ என்று எண்ணி அணைந்துவிடும். பிளேயர் முக்கால் சார்ஜிலேயே நிற்பது இதனால்தான். இயர்பட்ஸுக்கென்று குறைந்த மின்னோட்ட வசதி இருந்தால் அதைப் போடுங்கள். சிலவற்றில் பொத்தானை இரண்டு முறை தட்டினால் வரும். இல்லையென்றால் பக்கத்து வாயில் போனையும் மாட்டிவிட்டால் பவர் பேங்க் தூங்காது.

கம்ப்யூட்டரில் சார்ஜ் செய்பவர்கள் அது ஸ்லீப்புக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பல மாடல்களில் அப்போது யுஎஸ்பியில் மின்சாரம் நின்றுவிடும். சார்ஜ் ஏறுகிறது, ஆனால் கம்ப்யூட்டரில் டிரைவாகத் தெரியவில்லை என்றால் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். டேட்டா கம்பியே இல்லாத கேபிள்கள் நிறைய வருகின்றன.

#4
ஓராண்டு அலமாரியில் கிடந்த பிளேயர் உயிரே காட்டவில்லையா? செல் வோல்டேஜ் ரொம்ப இறங்கியிருந்தால் சிப் முதலில் சொட்டுச் சொட்டாகத்தான் ஏற்றும். திரை அரை மணிக்கு மேல் கறுப்பாகவே இருக்கலாம். இரண்டு மணி நேரம் கண் பார்வையில் வைத்துப் பாருங்கள். சூடேறினால் உடனே கழற்றுங்கள். திரை ஒரு ஓரம் தூக்கியிருந்தால் செல் உப்பிவிட்டது, சார்ஜில் போடவே கூடாது. அழுத்தி மூடப் பார்ப்பதும் ஊசியால் குத்துவதும் நெருப்பை வரவழைக்கும். நெடுநாள் எடுத்து வைப்பதானால் பாதி சார்ஜில், வெயில் படாத இடத்தில் வையுங்கள். கார் டேஷ்போர்டு மட்டும் வேண்டாம்.

#5
பழைய ஐபாட் தேடுபவர்களுக்கு. 2005 செப்டம்பரிலிருந்து 2006 டிசம்பர் வரை விற்ற முதல் தலைமுறை நானோவை, பேட்டரி சூடேறும் குறைக்காக 2011-இல் ஆப்பிளே திரும்பப் பெற்றது. மாற்றப்படாத பழைய கருவியாக இருந்தால் தொட வேண்டாம்.

2008-இல் வந்த நான்காம் தலைமுறை நானோவிலும் இரண்டாம் தலைமுறை ஐபாட் டச்சிலும் ஃபயர்வயர் (யுஎஸ்பி போன்ற ஒரு பழைய இணைப்பு) வழிச் சார்ஜ் எடுக்கப்பட்டுவிட்டது. ஃபயர்வயர் பின்களில் 12 வோல்ட் தரும் பழைய டாக்கில் (ஐபாடைச் செருகி வைக்கும் மேடை) உட்கார்த்தினால் பாட்டு வரும், சார்ஜ் ஏறாது. யுஎஸ்பி வழியாக 5 வோல்ட் தருவது வேண்டும். 2010 ஷஃபிளுக்குச் சார்ஜ் போவது இயர்போன் துளை வழியாக. அதற்கென்று வந்த கேபிளும் சேர்த்துக் கிடைக்காவிட்டால் பேரமே பேசாதீர்கள்.

கிளிக் வீல் ஐபாட் உறைந்து நின்றால் ஹோல்ட் பொத்தானை ஒருமுறை தள்ளி மீட்டு, மெனுவையும் நடுப் பொத்தானையும் சேர்த்து எட்டு விநாடி அழுத்துங்கள்.

#6
பாட்டு வரிசை குழம்புவதை யாரும் சொல்லவில்லையே! மலிவு பிளேயர்கள் பல பெயர் வரிசையைப் பார்ப்பதில்லை. கார்டில் எது முதலில் எழுதப்பட்டதோ அதுதான் முதலில் பாடும். முழுக் கச்சேரியை மொத்தமாக இழுத்துப் போட்டால் வர்ணத்துக்கு முன்னால் மங்களம் வந்துவிடும். 01, 02 என்று பெயர் வைத்து, ஃபோல்டரைக் காலி செய்து, ஒவ்வொன்றாக அதே வரிசையில் காப்பி செய்யுங்கள். ஏற்கெனவே ஏற்றியாயிற்று என்றால் ஃபேட்சார்ட் என்ற இலவச மென்பொருள் வரிசையை மாற்றித் தரும்.

தமிழில் பெயர் வைத்தால் சிலவற்றில் கட்டம் கட்டமாக வரும். சிலவற்றில் ‘கெ’யின் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். எழுத்துகளைச் சேர்த்து வரையும் வசதி உள்ளே இல்லை, அதற்கு மருந்தும் இல்லை. கடையிலேயே தமிழ்ப் பெயருள்ள நாலு பாட்டு போட்ட கார்டைச் செருகிப் பார்த்துவிடுங்கள்.