பின்னல் ஊசியில் நிற்கிற வளையத்துக்கு என்ன சொல்? கண், கண்ணி, வளையம்…

மாங்குளத்திலிருந்து, திங்கள் இரவு

எல்லாருக்கும் வணக்கம். ஒரு சொல் அவசரமாகத் தேவைப்படுகிறது. பின்னல் வகுப்புக்கான கையேட்டை வியாழக்கிழமை காலை போட்டோக்கொப்பிக் கடையில் கொடுக்க வேண்டும். படம் எல்லாம் கீறியாகிவிட்டது. இந்த ஒரு சொல் வரவேண்டிய இடங்களை மட்டும் வெறுமையாக விட்டு வைத்திருக்கிறேன், அது பக்கத்துக்குப் பக்கம் வருகிறது.

இரண்டு ஊசியால் பின்னும்போது ஊசியின் மேல் வரிசையாக நிற்கிற நூல் வளையம் ஒவ்வொன்றுக்கும் என்ன பெயர்? இங்கிலிசில் 'ஸ்டிச்' என்று முடித்துவிடுகிறார்கள். நாங்கள் 'தையல்' என்று எழுத முடியாது. வகுப்புக்கு வருகிற பெண்களில் பலர் வீட்டில் தையல்மெஷின் வைத்திருப்பவர்கள், அவர்களுக்குத் தையல் என்றால் துணியைக் குத்திக்கொண்டு ஓடுகிற நூல். இங்கே துணியே இல்லை. ஒரு வளையத்துக்குள்ளால் அடுத்த வளையத்தை இழுத்து இழுத்துத்தான் துணி உண்டாகிறது.

சொல் ஏன் முக்கியம் என்று சொல்கிறேன். முதல் உருப்படி பிறந்த பிள்ளைக்கான தொப்பி. மஞ்சள் பருத்தி நூல், 4 மில்லிமீற்றர் ஊசி, 72 வளையம். 10 சென்ரிமீற்றர் அகலத்துக்கு 22 வளையம் வருகிற கை என்றால் சுற்றளவு 33 சென்ரிமீற்றருக்குச் சற்றுக் குறைவாக வரும். நிறைமாதப் பிள்ளையின் தலை ஏறத்தாழ 35. பின்னல் இழுபடும் என்பதால் தொப்பி பிடித்து நிற்கும். கை தளர்ந்து 20 தான் வருகிறது என்றால் அதே 72 வளையம் 36 சென்ரிமீற்றர் ஆகிவிடும், தொப்பி கண்ணுக்கு மேலே இறங்கிவிடும். ஆக முழுப் பாடமும் இந்த வளையத்தை எண்ணுவதில்தான் நிற்கிறது. எண்ணுகிற பொருளுக்குப் பெயர் இல்லாமல் எப்படி எண்ணச் சொல்வது?

இது ஒரு தொப்பியோடு முடிகிற காரியமும் இல்லை. என் ஊசியில் இப்போது அம்மாவுக்கு ஒரு பச்சைச் சால்வை நிற்கிறது, இலை இலையாக ஓட்டை விழுகிற மாதிரி. அது முடிய, மார்கழிப் பனிக்கு ஒரு கையில்லாத சுவெட்டர், விடியற்புறம் பால் எடுத்துக்கொண்டு சைக்கிளில் போகிற தம்பிக்கு. கனடாவில் இருந்து மச்சாள் அனுப்பிய நூலில் மிச்சம் கிடக்கிறவற்றை எல்லாம் சேர்த்து, வகுப்பில் ஆளுக்கொரு சதுரம் பின்ன வைத்து, ஒன்றாகப் பொருத்தி ஒரு போர்வை செய்ய வேண்டும் என்று பெரிய ஆசை. எல்லாவற்றுக்கும் இந்தச் சொல் வேண்டும். உதவுங்கள்.

வவுனியாவிலிருந்து, திங்கள் இரவு

தங்கச்சி, முதலில் கலையின் பெயரை ஒருவழிப்படுத்துவோம். 'பின்னல்' என்றால் சடையும் பின்னல்தான், கிடுகும் பின்னல்தான், ஒற்றைக் கொக்கி ஊசியால் செய்கிற குரோசேயும் பின்னல்தான். திருப்பூர்க்காரர் 'பின்னலாடை' என்று நிலைநிறுத்திவிட்டார்கள், ஆகவே அந்த வேர்ச்சொல்லை விடத் தேவையில்லை. கொக்கிப் பின்னல், இருவூசிப் பின்னல் என்று பிரித்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. இதில் யாரும் சண்டை பிடிக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். சண்டை பிடிக்க வேண்டியது வளையத்துக்குத்தான்.

கிளிநொச்சியிலிருந்து, செவ்வாய் காலை

நான் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன், அதனால் நேராகவே சொல்கிறேன். 'ஸ்டிச்' என்றே போடுங்கள் அக்கா. லைனில் நிற்கிற பிள்ளை எல்லாருக்கும் அந்தச் சொல் தெரியும். யூரியூப்பில் பார்த்துப் பழகுகிறவர்களுக்கும் தெரியும். நீங்கள் ஒரு புதுச் சொல்லைப் படிப்பித்து அனுப்பினால் அந்தப் பிள்ளை வீடியோவைப் பார்க்கும்போது எதை எதோடு பொருத்துவது?

ஒன்று மட்டும் ஒத்துக்கொள்கிறேன், இருவூசிப் பின்னலின் இங்கிலிஸ் பெயரை 'நிற்றிங்' என்று தமிழில் எழுத வேண்டாம். ஒரு அறிவித்தலில் அப்படிப் போட்டிருந்தார்கள், பாதிப்பேர் 'நிற்கிறது' என்று வாசித்தார்கள்.

வகுப்பில் இதைக் காட்டுங்கள்: ரீசேட் ஒன்றை உட்புறம் வெளிப்புறம் பிரட்டிக் கிட்டப் பிடித்துப் பார்த்தால், நல்ல பக்கத்தில் சின்னச் சின்ன 'வி' எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்றாக நிரலாக ஏறிப் போகும். மற்றப் பக்கத்தில் அதே நூல் மேடு மேடாகக் குறுக்கே கிடக்கும். ஊசியால் பின்னினாலும் மெஷின் பின்னினாலும் அமைப்பு ஒன்றுதான். தாங்கள் உடுத்திருப்பதே இதுதான் என்று தெரிந்தால் பயம் போய்விடும்.

மல்லாவியிலிருந்து, செவ்வாய் மதியம்

கிளிநொச்சித் தம்பியின் கடிதம் வாசித்தேன். தொல்காப்பியர் "வடசொற் கிளவி வடவெழுத் தொரீஇ எழுத்தொடு புணர்ந்த சொல்லா கும்மே" என்று பிறமொழிச் சொல்லுக்கு வாசல் திறந்து வைத்தவர்தான், நானும் அந்த வாசலை மூடச் சொல்பவன் அல்லன். ஆனால் வீட்டுக்குள்ளே ஆள் இருக்கும்போது வெளியே போய் ஆள் தேடுவானேன்?

சொல் இருக்கிறது. கண்ணி. குருவிக்கு வைக்கிற சுருக்கு வளையம் கண்ணி. சங்கிலியில் ஒன்றுக்குள் ஒன்று கோத்திருக்கும் வளையம் கண்ணி. புறநானூற்றுக் கடவுள் வாழ்த்து "கண்ணி கார்நறுங் கொன்றை" என்று தொடங்குகிறது, அங்கே தலையில் சூடும் பூமாலை. தாயுமானவர் பாடிய பராபரக்கண்ணியில் இரண்டிரண்டு அடியாகத் தொடுத்துப் போகும் ஒவ்வொன்றும் கண்ணி. வளையம், தொடுப்பு, வரிசை என்ற மூன்று பொருளும் ஒரே சொல்லில் கிடக்கின்றன. பின்னல் வளையத்துக்கு வேறு என்ன வேண்டும்?

வேரைப் பார்த்தால் இன்னும் இனிக்கும். மூங்கிலில் கணு, கரும்பில் கண், நுங்கில் கண், தேங்காயில் கண், முரசில் அடிக்கிற முகம் கண், பாலத்துக்குக் கீழே தண்ணீர் போகிற வழி கண். ஏழாம் வேற்றுமைக்கு உருபு எது? "கண்ணெனப் பெயரிய வேற்றுமைக் கிளவி." இடம் என்பதே அதன் பொருள். ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்கும் இடமே கண் என்பது என் துணிபு. அந்தக் கண்ணிலிருந்து கிளைத்ததே கண்ணி. 'கண்ணுதல்' என்ற வினையையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம், அது பற்றித் தனியாக எழுதுகிறேன்.

முல்லைத்தீவிலிருந்து, செவ்வாய் பின்னேரம்

மல்லாவி மாஸ்டர் எழுதியதில் பாதி எனக்கு விளங்கவில்லை, ஆனால் கண் என்ற இடத்தில் நின்றுவிட்டேன். எங்கள் கரையில் வலையின் ஓட்டை ஒவ்வொன்றும் கண்தான். சின்னக் கண் வலை, பெரிய கண் வலை. வலையின் ஆழத்தையும் இத்தனை கண் என்றுதான் சொல்வோம். ஐயா கரையில் குந்தியிருந்து கிழிந்த வலை பொத்தும்போது விரலால் கண் எண்ணுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். நூல், ஊசி, கண் எண்ணுதல் எல்லாம் ஏற்கெனவே எங்களிடம் இருக்கின்றன. கண்ணி எதற்கு? கண் போதும்.

ஒரு வித்தியாசம் மட்டும் சொல்லவேண்டும். வலையில் கண்ணுக்குக் கண் முடிச்சு இருக்கும், அதனால் ஒரு கண் அறுந்தால் அந்த ஓட்டையோடு போய்விடும். உங்கள் பின்னலில் முடிச்சு இல்லை என்றால் என்ன நடக்கும்?

மாங்குளத்திலிருந்து, செவ்வாய் இரவு

அண்ணை, நல்ல கேள்வி கேட்டீர்கள்! முடிச்சு இல்லாததால்தான் பின்னல் இழுபடுகிறது, அதே காரணத்தால்தான் ஒன்று ஊசியை விட்டு நழுவினால் அதற்கு நேர் கீழே உள்ளவை எல்லாம் வரிசை வரிசையாகக் கழன்று ஏணிப்படி மாதிரிக் குறுக்கு நூல்கள் மட்டும் மிஞ்சும். பயப்படத் தேவையில்லை. ஒரு கொக்கி ஊசியை அடியில் நிற்கிற வளையத்துக்குள் விட்டு, ஏணியின் ஒவ்வொரு படியையும் அதற்குள்ளால் இழுத்துக்கொண்டு மேலே வந்தால் எல்லாம் பழையபடி நிற்கும்.

சால்வை போன்ற ஓட்டை வேலையில் அது கடினம், நூலை வேண்டுமென்றே சுற்றி வளையம் கூட்டியிருப்போம், எது எங்கிருந்து வந்தது என்று பிடிபடாது. அதற்கு நான் உங்கள் கரைச் சாமானைத்தான் வைத்திருக்கிறேன். இலை ஒவ்வொன்றும் முடிகிற வரியில் நிற்கிற வளையங்களுக்குள்ளால் தங்கூசி, அதுதான் மீன் பிடிக்கிற நைலோன் நூல், ஒன்றைக் கோத்து விட்டுவிடுவேன். மேலே எது குழம்பினாலும் தங்கூசி வரைக்கும்தான் கழரும். வழுக்கும் நூல் என்பதால் பின்னலில் ஒட்டாது, வேலை முடிய உருவினால் சுகமாக வந்துவிடும்.

கண்ணா கண்ணியா? எனக்கு இரண்டும் பிடித்திருக்கிறது. மாஸ்டரின் கண்ணியில் வளையத்தின் உருவம் இருக்கிறது.

பளையிலிருந்து, செவ்வாய் இரவு

நான் பொதுவாக வாசிப்பேன், எழுதுவதில்லை. இதற்கு எழுத வேண்டும்.

நான் கண்ணிவெடி அகற்றும் வேலை செய்கிறேன். முகமாலைப் பக்கம். என்னோடு வேலை செய்கிறவர்களில் பெண்கள் நிறைய. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையில் பிள்ளைகள் எழுத்துக்கூட்டி வாசிக்கிற முதல் மூன்று எழுத்து எவை என்று யோசியுங்கள். இப்போது உங்கள் கையேட்டில் "ஒரு கண்ணியை எடு", "கண்ணி தவறினால்", "கண்ணிகளை எண்ணிப் பார்" என்று போடப்போகிறீர்கள். உங்கள் வகுப்புக்குக் காலில்லாத ஒரு அக்கா வரமாட்டா என்று சொல்ல முடியுமா? வன்னியில்? தயவுசெய்து வேண்டாம்.

மல்லாவியிலிருந்து, புதன் காலை

மகள், உங்கள் கடிதத்தை வாசித்தபிறகு நெடுநேரம் எழுத முடியவில்லை. உங்கள் வேலைக்கு என் வணக்கம்.

ஆனாலும் ஒன்று சொல்ல விடுங்கள். அந்தச் சொல் வெடிக்கு முன்னாலே பூவுக்கு இருந்தது. நேற்று வந்த வெடி அதை எடுத்துக்கொண்டது. நிலத்தை நீங்கள் அடி அடியாக மீட்கிறீர்கள், சொல்லை யார் மீட்பது? வெடி தொட்டுவிட்டது என்று ஒவ்வொரு சொல்லாக விட்டுக்கொண்டு போனால் எங்களிடம் எத்தனை சொல் மிஞ்சும்? ஒரு பிள்ளையின் தொப்பியில் கண்ணி என்று எண்ணப் பழகினால் அடுத்த தலைமுறைக்கு அந்தச் சொல் நூலைத்தானே நினைவூட்டும்.

கண் என்பதில் வேறு சிக்கலும் உண்டு. பின்னலைத் தொடங்கும்போது என்ன சொல்வீர்கள், "72 கண் போடு" என்றா? பிறந்த பிள்ளையின் தொப்பிக்குக் கண் போடுவதா? எந்த அம்மம்மா இதைக் கேட்டுக்கொண்டிருப்பா? முடிக்கும்போது "கண் மூடு" என்பீர்களா? அதன் பொருள் எல்லாருக்கும் தெரியும்.

பளையிலிருந்து, புதன் காலை

ஐயா, சொல்லை மீட்க எனக்கும் ஆசைதான். நிலத்தில் என்றால் மீட்டு முடிந்தபிறகுதான் ஆட்களை நடக்க விடுவோம்.

ஒட்டுசுட்டானிலிருந்து, புதன் மதியம்

பாய் இழைக்கிறது, பெட்டி இழைக்கிறது என்றுதானே நாங்கள் சொல்கிறோம், பன்னவேலைச் சொல் எதையும் ஏன் ஒருவரும் கேட்கவில்லை? 'இழை' என்று வைத்தால் என்ன? எனக்குப் பின்னல் ஊசி கிடைக்காத காலத்தில் சைக்கிள் சில்லுக் கம்பியை வெட்டி நுனியைக் கல்லில் தீட்டிப் பின்னியிருக்கிறேன். அது 2 மில்லிமீற்றர்தான் வரும், மெல்லிய நூலுக்குத்தான் சரி. மாங்குளம் பிள்ளை, ஊசி வாங்க வசதியில்லாதவர்களுக்கு மூங்கிலைச் சீவிக் கொடுங்கள், மணல்தாள் போட்டு நல்லாக மினுக்கினால் நூல் சிக்காது. பழைய ஊசி வாங்குகிறவர்கள் நம்பரைப் பார்த்து ஏமாற வேண்டாம், பிரித்தானிய நம்பரில் 8 என்றால் 4 மில்லிமீற்றர், அதில் நம்பர் கூடக் கூட ஊசி மெலியும். அமெரிக்க நம்பரில் அது 6, அதில் நம்பர் கூடினால் ஊசியின் தடிப்புக் கூடும்.

கிளிநொச்சியிலிருந்து, புதன் பின்னேரம்

இழை என்றால் நூலே இழைதானே அம்மா, வளையத்தை எப்படிப் பிரித்துக் காட்டுவது? வளையம் என்றே விடலாம் என்றால் அதுவும் நீளம், "72 வளையம், அடுத்த வரியில் 2 வளையம் சேர்த்து" என்று வாசிக்கவே மூச்சு முட்டும். ஸ்டிச் எடுபடாது என்றால் என் வாக்கு கண்ணுக்கு. சின்னச் சொல், எல்லாருக்கும் தெரிந்த சொல், பின்னும்போது வாயால் எண்ணிக்கொண்டு போகலாம்.

மாங்குளத்திலிருந்து, புதன் பின்னேரம்

மாஸ்டர் சொன்ன 'கண் போடு' உண்மையிலேயே ஆகாது, என் அம்மாவே நாவூறு என்று எழும்பிவிடுவா. அதற்கு வழி இருக்கிறது. பெயர் கண் என்று இருக்கட்டும், வினையை மாற்றுவோம். தொடங்கும்போது கண் ஏற்றுதல், ஊசியில் ஏற்றுகிறோம்தானே. முடிவில் 'பின்னலை முடித்தல்' என்று மட்டும் போட்டு அந்த இடத்தில் கண்ணைத் தொடாமல் விடலாம். ஒன்று நழுவினால் 'கண் நழுவிற்று'. இரண்டை ஒன்றாகப் பின்னுவது 'இரு கண் சேர்த்தல்', தொப்பியின் உச்சி அப்படித்தான் ஒடுங்கும். இன்று வகுப்புக்கு முன்னரே வந்த இரண்டு பேரிடம் சொல்லிப் பார்த்தேன், ஒருவர் உடனே "வலைக்கண் மாதிரியா ரீச்சர்?" என்று கேட்டார். அவர் மாத்தளன் பக்கம், கடற்கரை ஊர்.

வவுனியாவிலிருந்து, புதன் இரவு

எல்லாரும் களைத்துவிட்டோம் என்று தெரிகிறது, ஆகவே எண்ணிச் சொல்கிறேன். கண் என்பதற்கு முல்லைத்தீவு, கிளிநொச்சி, மாங்குளம். கண்ணி வேண்டாம் என்றது பளை. கண்ணிக்கு மல்லாவி. இழைக்கு ஒட்டுசுட்டான். எனக்குக் கண்ணிதான் சொல்லாக அழகு, ஆனால் பளையிலிருந்து வந்த கடிதத்துக்குப் பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை, அதனால் கண் என்றே எழுதுகிறேன். நாளைக் கையேட்டில் கண், கண் ஏற்றுதல், இரு கண் சேர்த்தல்.

மாங்குளத்திலிருந்து, புதன் இரவு

நன்றி, நன்றி. வெற்றிடம் எல்லாம் நிரப்பிவிட்டேன். ஆனால் இன்னொன்று மிஞ்சி நிற்கிறது. நூலைப் பின்னுக்கு வைத்து வளையத்தை முன்னுக்கு இழுப்பது ஒரு வகை, அதை 'நேர்க்கண்' என்று போட்டுவிட்டேன். நூலை முன்னுக்கு வைத்துப் பின்னுக்குத் தள்ளுவது மற்ற வகை. ஒரு பக்கத்தில் நேராக இருப்பது மறுபக்கத்தில் இதுவாகத் தெரியும். தொப்பியின் விளிம்பு இரண்டையும் இரண்டிரண்டாக மாற்றி மாற்றிப் பின்னினால்தான் இழுபட்டுப் பிடிக்கும், நேர் மட்டும் பின்னினால் சுருண்டுவிடும். 'மாறுகண்' என்று எழுதட்டுமா?

மல்லாவியிலிருந்து, புதன் இரவு

மாறுகண் என்றால் பார்வை ஒருபக்கம் சாய்ந்த கண். பிள்ளையின் தொப்பிக்கு அதுவும் ஆகாது. 'மறிகண்' என்று போட்டுப் பாருங்கள், மறித்தல் என்றால் திருப்புதல். கண்ணி என்றால் 'மறிகண்ணி' என்று இன்னும் அழகாக வந்திருக்கும், என் கருத்து மாறவில்லை என்பதையும் எழுதி வையுங்கள்.

கிளிநொச்சியிலிருந்து, புதன் இரவு

மறிகண் என்றால் ஒருவருக்கும் விளங்காது. புரட்டுக்கண்?

மாங்குளத்திலிருந்து, வியாழன் காலை

கடை எட்டு மணிக்குத் திறக்கிறது. 'நேர்', 'புரட்டு' என்று இரண்டு குறியீடு மட்டும் படத்துக்குக் கீழே போட்டுக் கொண்டுபோகிறேன். இரண்டாம் கையேடு சால்வைக்கு, அதற்குள் மாஸ்டரும் தம்பியும் ஒரு முடிவுக்கு வாருங்கள். அதோடு, நூலைச் சுற்றி வேண்டுமென்றே விடுகிற அந்த ஓட்டைக்கும் ஒரு பெயர் வேண்டும்.